ஹாரோவில் சுக்கினி: செடி செழிப்பு, பூவும் உண்டு, பிஞ்சு மட்டும் வெம்பிப் போகிறது

ஹாரோ_பின்வளவு | ஜூன் 24, இரவு 9.10

வணக்கம். வடமேற்கு லண்டனில் ஹாரோவில் இருக்கிறோம். பின்வளவு முழுக்கக் களிமண். மழை பெய்தால் செருப்பை விடாது, வெயில் அடித்தால் வெடித்துப் பிளக்கும். போன இலையுதிர்காலத்தில் குதிரை லாயத்தில் இருந்து எரு கொண்டுவந்து தாராளமாகக் கொட்டி மேட்டுப் பாத்தி போட்டேன். ஏப்ரல் கடைசியில் சமையலறை ஜன்னலோரம் விதை போட்டு, உறைபனி பயம் போனபின் மே கடைசியில் நாற்றை வெளியே நட்டேன். கொடி ஓடாமல் புதராக வளரும் பச்சைச் சுக்கினி.

செடியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. பூவும் வருகிறது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகிறது, மெத்தென்று ஆகிறது, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் இதற்குள் வேலிக்கு மேலால் காய் நீட்ட ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே மண், ஒரே மழை. தினமும் மாலையில் பைப்பால் தண்ணீர் விடுகிறேன். என்ன உரம் குறைகிறது?

குரோய்டன்_அக்கா | ஜூன் 24, இரவு 9.52

தம்பி, இது உரப் பிரச்சினை மாதிரித் தெரியவில்லை, பூச்சி வரவில்லை போல. ஊரில் சுரைக்குச் செய்கிற மாதிரி ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கோ. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு செய்தால்தான் பிடிக்கும். முட்டைக் கோதையும் இடித்து அடியில் போடுங்கோ, நட்டம் ஒன்றும் இல்லை.

மொட்டைமாடி_மதுரை | ஜூன் 25, காலை 5.30

நுனியில் ஆரம்பித்து அழுகினால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைபாடுதான், சந்தேகமே வேண்டாம். தக்காளியில் நிறையப் பார்த்திருக்கிறேன். முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுங்கள். கூடவே 3 சதவீதப் பஞ்சகவ்யா வாரம் ஒரு தடவை தெளியுங்கள். பூ உதிர்வதற்குத் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் நன்றாகக் கேட்கும்.

ஸ்கார்பரோ_தோட்டம் | ஜூன் 25, காலை 7.15

தண்டு அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். மரத்தூள் மாதிரி ஈரமாக ஏதாவது வெளியே தள்ளியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. இங்கே டொரோண்டோவில் ஜூன் கடைசி, ஜூலையில் இதுதான் தலைவலி. பகலில் பறக்கும் ஒரு அந்துப்பூச்சி, ஆரஞ்சும் கறுப்புமாகக் குளவி என்றே நினைக்க வைக்கும், தண்டின் அடியில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்த செடி மாலையில் சுருண்டு கிடக்கும். நான் நட்டவுடனேயே தண்டு அடியில் அலுமினியத் தாள் சுற்றிவிடுவேன்.

எருக்குழி | ஜூன் 25, காலை 11.40

லெஸ்டரில் அலாட்மென்ட் (வாடகைத் தோட்டத் துண்டு) வைத்திருக்கிறேன், கோர்ஜெட் வருடாவருடம் போடுகிறேன். சுக்கினிக்கு இங்கே அதுதான் பெயர். யாரும் கோபிக்க வேண்டாம், இதுவரை சொன்ன மருந்தெல்லாம் நோய் என்னவென்று பார்க்காமல் சொன்னது.

முதலில் தண்டுப் புழு. அந்த அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, பிரிட்டனில் இல்லை. அதை விட்டுவிடலாம்.

அடுத்தது சுண்ணாம்பு. ஹாரோக்காரரே, உங்கள் கெட்டிலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன? லண்டன் குழாய்த் தண்ணீர் கடின நீர். தினமும் சுண்ணாம்பைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முட்டை ஓடு மண்ணில் கரைந்து செடிக்குப் போய்ச் சேர வருடக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக்கு அது வெறும் குப்பை. தவிரவும் சுண்ணாம்புக் குறையால் வரும் நுனி அழுகல் பார்க்க வேறு மாதிரி இருக்கும். காய் ஓரளவு பருத்தபின் நுனி கறுத்து, உள்வாங்கி, தோல் போல் கெட்டிப்படும். அதுவும் பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இல்லாததால் அல்ல. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் விடுவதால் செடி அதை நுனிவரை கொண்டுசேர்க்க முடியாமல் போவதால்.

உங்களுடையது விரல் நீளத்திலேயே மஞ்சளாகிறது என்கிறீர்கள். அது சூல் பிடிக்காத பிஞ்சு. கோர்ஜெட்டில் பெண் பூ பிறக்கும்போதே அடியில் குட்டிக் காயோடுதான் பிறக்கும். அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நினைக்கிறோம். பிடிக்கவில்லை. மகரந்தம் விழாவிட்டால் பூ வாடிய சில நாளில் செடியே அதைக் கைவிட்டுவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். வாடிய பூ காய் நுனியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு, அதில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் அது வேறு அழுகல். அதற்கு வைத்தியம் சுலபம்: காய் பிடித்தது தெரிந்தவுடன் வாடிய பூவை மெல்லத் திருகி எடுத்துவிடுங்கள்.

நாளை காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை ஆண் பூ, எத்தனை பெண் பூ, தேனீ வருகிறதா, செடிமேல் ஏதாவது வலை போட்டிருக்கிறீர்களா. அதைச் சொல்லாமல் ஒன்றும் வாங்காதீர்கள்.

மொட்டைமாடி_மதுரை | ஜூன் 25, மாலை 4.05

கெட்டில் விஷயம் புதிது. எங்கள் போர் தண்ணீரிலும் குக்கர் அடியில் அதேதான் படிகிறது. ஆனாலும் பஞ்சகவ்யாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹாரோ_பின்வளவு | ஜூன் 26, காலை 7.20

பார்த்துவிட்டேன். வலை எதுவும் இல்லை. விரிந்திருந்த பூ எல்லாமே அடியில் குட்டிக் காயோடு இருப்பவை. வெறும் காம்பில் நிற்கும் ஆண் பூ ஒன்றுகூட விரியவில்லை. செடி நடுவில் கூரான சிறு மொட்டுகள் சில இருக்கின்றன, அவை ஆண் பூவாக இருக்கலாம். ஒரு பெரிய பம்பிள் தேனீ பூப் பூவாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் தேனீ இருந்தும் பயனில்லையா?

எருக்குழி | ஜூன் 26, காலை 9.05

தேனீ எதைக் கொண்டுவரும்? ஆண் பூவே இல்லையே.

இது இங்கே ஜூனில் சகஜம். இந்தக் குடும்பத்துச் செடிகளில் வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூவைத் தூண்டும், குளிர் பெண் பூவைத் தூண்டும். இரவு குளிராக இருக்கும் ஜூனில் பல கலப்பின வகைகள் முதலில் பெண் பூவையே தள்ளும், ஆண் மொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். இரவு சூடானால் தானே விரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிக் காய்த்தது என்று அவரிடமே கேளுங்கள். வேறு வகை போட்டிருப்பார், அல்லது முன்னதாகவே கண்ணாடிக் கூண்டில் வளர்த்து நட்டிருப்பார்.

அதுவரை அவரிடம் ஆண் பூ கேட்டு வாங்குங்கள். கோர்ஜெட்தான் வேண்டும் என்றில்லை. ஹாலோவீனுக்குச் செதுக்கும் பூசணி இருந்தால் அதன் ஆண் பூவும் போதும், பெரும்பாலும் இரண்டும் ஒரே இனம். காய் கோர்ஜெட்டாகவே இருக்கும், மாற்றம் உள்ளே இருக்கும் விதையில் மட்டும்.

செய்முறை: காலையில் பூ முழுதாக விரிந்திருக்கும்போது ஆண் பூவைக் காம்போடு பறியுங்கள். இதழ்களைக் கிழித்தால் நடுவில் மஞ்சள் திரி ஒன்று நிற்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் இன்னும் விரியவில்லை அல்லது மழையில் நனைந்துவிட்டது. பெண் பூவின் நடுவில் மடல் மடலாகப் பிசுபிசுப்பாக இருப்பதன் எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் சரியாகச் சூல் பிடிக்காது, காம்புப் பக்கம் பருத்து நுனி சூம்பிப்போன காய்தான் வரும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தாங்கும்.

அக்கா, மன்னிக்க வேண்டும். பின்னேரம் ஆறு மணி இதற்குச் சரிவராது. கோர்ஜெட் பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் மூடிவிடும், மறுநாள் விரியாது.

குரோய்டன்_அக்கா | ஜூன் 26, காலை 10.30

இதில் மன்னிப்பு எதற்கு. சுரைப் பூ வெள்ளைப் பூ, பொழுதுபட்டால்தான் விரியும், அதுதான் எனக்குப் பழக்கம். பீர்க்கும் பின்னேரம்தான். இது பூசணி மாதிரி மஞ்சள் பூ, காலைதான். நேரம் உங்களுடையது சரி, தடவுகிற விதம் என்னுடையது சரி.

மிஞ்சுகிற ஆண் பூவை எறிய வேண்டாம். நடுத்திரியை எடுத்துவிட்டுக் கடலை மாவில் தோய்த்துப் பொரியுங்கோ.

ஸ்கார்பரோ_தோட்டம் | ஜூன் 26, மாலை 6.00

எங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு என்பதற்குக் காரணம் இப்போது புரிகிறது. ஒண்டாரியோவில் பூசணித் தேனீ என்றே ஒரு நாட்டுத் தேனீ உண்டு. பூசணி, சுக்கினிப் பூவின் மகரந்தத்தைத்தான் அது தன் குஞ்சுகளுக்குச் சேர்க்கும். தோட்ட மண்ணுக்குள்ளேயே துளை போட்டுக் குடியிருக்கும், விடியலில் பூ விரியும்போதே வந்துவிடும். மத்தியானம் மூடிக்கிடக்கும் பூவை மெல்லப் பிரித்தால் உள்ளே ஆண் தேனீ தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் பூசணி போட்ட இடத்தில் ஆழமாகக் கொத்தாதீர்கள் என்று இங்கே சொல்வார்கள், கூடு கலைந்துவிடும்.

எருக்குழி | ஜூன் 26, இரவு 8.15

அந்தத் தேனீ பிரிட்டனில் இல்லை. இங்கே பம்பிள் தேனீயும் வளர்ப்புத் தேனீயும்தான். இரண்டும் மழையிலும் கடுங்குளிரிலும் வேலைக்கு வருவது குறைவு. சுக்கினி மகரந்தம் கனமானது, ஒட்டும், காற்றில் பறக்காது. ஆகையால் மழைக்காலை என்றால் நீங்களே தேனீ.

மேல்மலை_விவசாயி | ஜூன் 27, காலை 6.10

கொடைக்கானல் மேல்மலையில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் போடும் சுக்கினி ஓட்டலுக்குப் போகும் காய். எங்கள் பக்கம் இரவுக் குளிர் இருப்பதால் ஹாரோ நண்பர் சொல்வது போலப் பெண் பூ மட்டும் முந்தி வருவதைப் பார்த்திருக்கிறேன். கீழே சமவெளியில் கோடையில் போடுபவர்களுக்கு நேர்மாறு, ஆண் பூவாகவே கொட்டும், பெண் பூவைத் தேட வேண்டும். கீழே பாகல், புடலை, பீர்க்கு போடுபவர்கள் அதற்குத்தான் பெண் பூவைக் கூட்டும் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியை 250 பிபிஎம் அளவில் கலந்து, இரண்டு இலைப் பருவத்தில் இருந்து வாரம் ஒருமுறையாக நாலு தடவை அடிக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை அது. வீட்டுத் தோட்டத்தில் நாலு செடிக்கு அதெல்லாம் தேவையில்லை. ஹாரோவுக்குச் சுத்தமாகத் தேவையில்லை, பெண் பூ ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது.

நம் ஊரில் படிக்கும் நண்பர்களுக்கு ஒன்று. விழுந்த பிஞ்சை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. தோலில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும் அதில் பிசின் துளியும் இருக்கும். கை மகரந்தம் எவ்வளவு தடவினாலும் அது தீராது. விழுந்த காயைச் செடியடியில் விடாமல் பொறுக்கி, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். காய் சுண்டுவிரல் அளவில் இருக்கும்போதே செய்தித்தாள் சுருளால் மூடினாலும் கேட்கும்.

மொட்டைமாடி_மதுரை | ஜூன் 27, காலை 6.45

என் மாடியில் நடப்பது இதுதான் போல. கீறிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஹாரோ_பின்வளவு | ஜூலை 4, இரவு 8.40

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஆண் பூ கேட்டேன். முதலில் விழித்தார், அப்புறம் தானே ஆர்வமாகிவிட்டார். தினமும் காலையில் ஒன்றிரண்டைப் பறித்து வேலி விளிம்பில் வைத்துவிடுகிறார். அவர் போட்டிருக்கும் வகை பார்த்தெனான் என்றார், மகரந்தமே இல்லாமல் காய்க்குமாம். அவர் செடியில் ஆண் பூ குறைவுதான், ஓரமாக நிற்கும் பூசணியில் இருந்துதான் எனக்கு வருகிறது.

தடவிய பூக்களின் காய் மறுநாளில் இருந்தே வித்தியாசம் தெரிகிறது. பச்சை பளபளப்பாக இருக்கிறது, நுனி கெட்டியாக நிற்கிறது. மழை பெய்த ஒரு காலை மட்டும் பூவுக்குள் தண்ணீர் நின்றது, அன்றைக்குத் தடவியவை பிடிக்கவில்லை.

இலை மட்டும் இன்னும் பெரிதாகிக்கொண்டே போகிறது. தக்காளி ஃபீட் (தக்காளிக்கென்று கடையில் விற்கும் திரவ உரம்) கொடுக்கலாமா?

எருக்குழி | ஜூலை 4, இரவு 9.30

கொடுக்கலாம், காய் பருக்கத் தொடங்கியபின் வாரம் ஒரு தடவை. அதில் சாம்பல் சத்து கூடுதல். தழைச்சத்து நிறைய உள்ள எதையும் தொடாதீர்கள், குதிரை எரு ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டது.

உரத்தைவிடத் தண்ணீர் முக்கியம். தினமும் மாலையில் மேலோட்டமாகத் தெளிப்பதை விடுங்கள். களிமண்ணில் மேல் இரண்டு அங்குலம் நனைந்து, வேர் இருக்கும் இடம் காய்ந்தே இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் செடிக்கு ஒரு வாளி, அடியில் மட்டும், மெதுவாக. இலைமேல் வேண்டாம். மேலே மக்கிய உரத்தை மூடாக்காகப் போட்டால் வெடிப்பும் குறையும்.

செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி?

ஹாரோ_பின்வளவு | ஜூலை 4, இரவு 9.50

ஒன்றரை அடி இருக்கும். நாற்றாக இருந்தபோது நிறைய இடம் இருப்பதாகத் தெரிந்தது.

எருக்குழி | ஜூலை 4, இரவு 10.05

90 சென்டிமீட்டர் வேண்டும். இப்போது பிடுங்கி நடாதீர்கள், வேர் தாங்காது. நலிந்ததை எடுத்துவிடுங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழைய இலைகளை அடியோடு வெட்டுங்கள். தேனீக்குப் பூ கண்ணில் படும், காற்றும் ஓடும்.

நாட்டிங்ஹாம்_புதியவன் | ஜூலை 15, மதியம் 1.20

இழை முழுவதும் படித்தேன். என் சுக்கினி இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. சாம்பல் நோய்தானே? பேக்கிங் சோடா தெளித்தால் போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

எருக்குழி | ஜூலை 15, மாலை 5.45

தெளிப்பதற்கு முன் விரலால் தேய்த்துப் பாருங்கள். நரம்புகளுக்கு இடையில் வெள்ளித் திட்டு ஒழுங்கான கோலமாக, எல்லா இலையிலும் ஒரே அமைப்பில் இருந்து, தேய்த்தாலும் போகாவிட்டால் அது செடியின் சொந்த நிறம். பல வகைகளில் அப்படித்தான் இருக்கும். மாவு தூவின மாதிரி வட்டம் வட்டமாக, விரலில் ஒட்டினால்தான் சாம்பல் நோய். ஆகஸ்டில் அதுவும் வரும், எல்லோருக்கும் வரும். வேர் காய்ந்து மேலே காற்று ஈரமாக இருந்தால் சீக்கிரம் வரும்.

நாட்டிங்ஹாம்_புதியவன் | ஜூலை 15, மாலை 6.10

தேய்த்தேன், போகவில்லை. சோடா பஜ்ஜிக்கே இருக்கட்டும்.

ஹாரோ_பின்வளவு | ஜூலை 27, காலை 8.15

இரவு சூடானதும் ஆண் பூ வரிசையாக விரிகிறது, இப்போது கை வேலையே இல்லை. காய் போதும் போதும் என்கிறது. ஆனால் ஓரத்துச் செடி ஒன்று மட்டும் சரியில்லை. புது இலை சுருண்டு சிறுத்து, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. காய் மேடு பள்ளமாக, கரடு தட்டினாற்போல. எருவில் களைக்கொல்லி கலந்து வருவதாக எங்கோ படித்த ஞாபகம், அதுவாக இருக்குமா?

எருக்குழி | ஜூலை 27, காலை 10.20

நல்ல கேள்வி. புல்வெளிக்கு அடித்த களைக்கொல்லி வைக்கோல் வழியாகக் குதிரை வயிற்றைத் தாண்டி எருவில் வந்துசேர்வது உண்மை. 2008இல் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் பலர் அடிபட்டார்கள். ஆனால் அது முதலில் காட்டிக்கொடுப்பது தக்காளி, உருளை, அவரை வகைகளில். அதே எரு போட்ட தக்காளியின் நுனி இலை சுருண்டு பெரணி இலை மாதிரி ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் எரு தப்பித்தது.

ஒரே ஒரு செடி, மஞ்சள் பச்சைத் திட்டு, கரடான காய் என்றால் தேமல் வைரஸ். அசுவினி ஒரு செடியில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. இன்றே பிடுங்குங்கள். கத்தியால் அந்தச் செடியை வெட்டிவிட்டு அதே கத்தியோடு அடுத்த செடிக்குப் போகாதீர்கள், கையையும் கழுவுங்கள். அடுத்த வருடம் டிஃபென்டர் என்ற வகையைப் போட்டுப் பாருங்கள், அதற்கு இந்த வைரஸைத் தாங்கும் குணம் உண்டு.

ஹாரோ_பின்வளவு | ஜூலை 27, மாலை 7.00

தக்காளி நன்றாக இருக்கிறது. ஓரத்துச் செடியைப் பிடுங்கி நகராட்சித் தொட்டியில் போட்டாகிவிட்டது.

குரோய்டன்_அக்கா | ஆகஸ்ட் 18, இரவு 7.30

தம்பி, நல்லாய்க் காய்த்த செடியில் ஒன்றை முற்ற விட்டு விதை எடுத்து வையுங்கோ. எனக்கும் கொஞ்சம் தபாலில் அனுப்பலாம்.

ஹாரோ_பின்வளவு | ஆகஸ்ட் 18, இரவு 8.05

விடுமுறைக்குப் போய்வந்ததில் ஒன்று இலைக்கடியில் ஒளிந்து முழங்கை நீளம் வளர்ந்திருக்கிறது, அதையே விட்டுவைக்கவா? ஆனால் அது வந்தபிறகு புதுப் பிஞ்சு நின்றுவிட்டது.

எருக்குழி | ஆகஸ்ட் 18, இரவு 9.15

வேண்டாம், இரண்டு காரணம். விதை முற்றத் தொடங்கினால் செடி தன் வேலை முடிந்தது என்று புதுக் காயை நிறுத்திவிடும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். 10 முதல் 15 சென்டிமீட்டரில் பறித்துக்கொண்டே இருந்தால்தான் அடுத்தது வரும்.

இரண்டாவது விளையாட்டில்லை. உங்கள் செடிக்குப் பக்கத்து வீட்டுப் பூசணியின் மகரந்தம் ஏறியிருக்கிறது. இந்த வருடக் காயைச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. அதன் விதையில் இருந்து அடுத்த வருடம் வரும் செடி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அலங்காரப் பூசணியோடு கலந்திருந்தால் கசப்புக் காய் வரலாம். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. ஜெர்மனியில் ஹைடன்ஹைம் நகரில் 2015இல் 79 வயதுக்காரர் ஒருவர் வீட்டில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தார்.

குரோய்டன்_அக்கா | ஆகஸ்ட் 18, இரவு 9.40

அம்மாடி. சுரைக்காயை அரியும்போது நுனியில் ஒரு துண்டைக் கடித்துப் பார், கசந்தால் முழுதையும் எறி என்று அம்மா சொன்னது இதற்குத்தான். சரி, விதை வேண்டாம். கடையில் வாங்குகிறேன்.

மேல்மலை_விவசாயி | ஆகஸ்ட் 19, காலை 5.50

அக்கா சொல்வது மிகச் சரி. கசப்புச் சுரைக்காயைச் சாறு பிழிந்து குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இந்தியாவிலும் உண்டு. வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட வேண்டும், வீணாகிறதே என்று விழுங்கக் கூடாது.

ஹாரோ_பின்வளவு | ஆகஸ்ட் 20, மாலை 6.30

பெரிய காயை அறுத்தாயிற்று. நுனியைக் கடித்துப் பார்த்தேன், கசப்பில்லை. தோல் கெட்டியாக இருக்கிறது, உள்ளே விதைப் பகுதி பஞ்சு மாதிரி. இதை என்ன செய்வது?

குரோய்டன்_அக்கா | ஆகஸ்ட் 20, மாலை 6.45

தோலைச் சீவி, பஞ்சைக் கரண்டியால் வழித்து எறியுங்கோ. சதையைப் பெரிய துண்டாக வெட்டி, பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கோ. தண்ணீர் கொஞ்சமும் விட வேண்டாம், அதுவே நிறைய விடும்.